உடுப்பை எரித்த பெண்

1932-ம் ஆண்டு.

அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், கிளீவ்லாந்து என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரி மாணவிகள் சிலர் ஒன்றுகூடினார்கள். தங்கள் உடுப்புகளைக் குவித்து வைத்தார்கள். குவியலுக்குத் தீ வைத்தார்கள்!

எரிந்தவை சாதாரண உடுப்புகள் அல்ல. கூடைப்பந்து ஆடும்போது அவர்கள் அணிந்த உடுப்புகள். மூன்று ஆண்டுகளாக அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆடி, ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் அவர்கள். துணி எரிந்தது. அவர்கள் அழுதார்கள்.

ஏன் இந்தக் கோபம்?

கல்லூரி நிர்வாகம் பெண்கள் கோஷ்டியைக் கலைத்துவிட்டது. கோஷ்டி தோற்றுப்போனதா? இல்லை. ஜெயித்துக்கொண்டிருந்த கோஷ்டி அது. காரணம் வேறு. இந்த ஆட்டம் பெண்களின் உடம்புக்கு ஆகாது, அவர்களால் அந்தச் சிரமத்தைத் தாங்க முடியாது என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள்!

அழுத பெண்களில் ஒருத்தி மார்கரெட் வேட். அப்போது அவளுக்கு வயது 19. கல்லூரியில் இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருந்தது. ஆட்டம் மட்டும் முடிந்துவிட்டது.

அந்தக் கல்லூரியே 41 ஆண்டுகளுக்குப் பிறகு அவளைத் தேடி வந்தது. அதற்குள் அவள் தலை நரைத்துவிட்டது!

பருத்தி விளையும் பூமி

கிளீவ்லாந்து என்றதும் பலருக்கு ஒகையோ மாநிலத்தில் உள்ள பெரிய நகரம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. மிசிசிப்பி நதியின் ஓரத்தில் டெல்டா என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. நதி கொண்டுவந்து சேர்த்த வண்டல் மண். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லாத சமவெளி. பருத்திக்குப் பெயர் போன பூமி. அந்தப் பருத்திக் காட்டுக்கு நடுவில் உள்ள ஊர்தான் இந்தக் கிளீவ்லாந்து.

மார்கரெட் 1912-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, அதே மாநிலத்தில் மெக்கூல் என்ற ஊரில் பிறந்தாள். கிளீவ்லாந்தில் உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். அங்கேதான் கூடைப்பந்து அவளைப் பிடித்துக்கொண்டது. 1929-ல் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தாள். 1925-ல்தான் தொடங்கிய கல்லூரி அது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பது அதன் வேலை. டெல்டா ஸ்டேட் என்பது அதன் பெயர்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

இந்த இடத்தில் கூடைப்பந்தின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1891-ம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். வெளியே பனி கொட்டும் காலத்தில் மாணவர்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை எடுத்து, 10 அடி உயரத்தில் மாட்டினார் நைஸ்மித். பந்தைக் கூடைக்குள் போட வேண்டும். கூடைக்கு அடி உண்டு. ஆகையால் பந்து விழுந்தால் யாராவது ஏறி எடுக்க வேண்டும்! கூடை போய் வளையமும் வலையும் வந்துவிட்டன. 10 அடி உயரம் மட்டும் இன்று வரை மாறவில்லை.

அடுத்த வருடமே பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். சுமித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை மாணவிகளுக்காக விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டி யாரும் ஓடக் கூடாது. அடுத்தவர் கையில் உள்ள பந்தைப் பிடுங்கக் கூடாது. அப்படியும் ஊருக்குப் பொறுக்கவில்லை. 1896-ல் கலிபோர்னியாவில் இரண்டு கல்லூரிப் பெண்கள் கோஷ்டிகள் மோதியபோது, பார்க்க வர ஆண்களுக்கு அனுமதி இல்லை!

பிறகு நாட்டில் ஒரு பெரிய இயக்கமே கிளம்பியது. 1923-ல் கூடிய மாநாடு ஒன்றில், பெண்களுக்குப் போட்டி ஆட்டங்கள் நல்லதல்ல, விளையாட்டு பொழுதுபோக்காக மட்டும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தலைமை தாங்கியவர் ஹூவர் சீமாட்டி. அவருடைய கணவர் சில ஆண்டுகளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்ல இவர்கள். பெண்களைக் காப்பாற்றுவதாகவே நம்பினார்கள். நாடெங்கும் பல கல்லூரிகள் தங்கள் பெண்கள் கோஷ்டிகளைக் கலைத்தன. அந்தக் காற்று 1932-ல் கிளீவ்லாந்துக்கும் வந்து சேர்ந்தது.

ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கல்லூரியைச் சுற்றி இருந்த காடுகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் கொளுத்தும் வெயிலில் காலை முதல் மாலை வரை குனிந்து பருத்தி எடுத்தார்கள். அவர்களைப் பார்த்து, இந்த வேலை உங்கள் உடம்புக்கு ஆகாது என்று யாரும் சொல்லவில்லை!

மடங்கிய முழங்கால்

மார்கரெட் சும்மா இருக்கவில்லை. படிப்பை முடித்தாள். டுப்பிலோ என்ற ஊரில் ரெட் விங்ஸ் என்று ஒரு பெண்கள் கோஷ்டி இருந்தது. அதில் சேர்ந்து இரண்டு வருடம் ஆடினாள். ஆனால் முழங்காலில் அடிபட்டது. அத்தோடு ஆடும் காலம் முடிந்தது.

ஆட முடியாது. ஆடக் கற்றுக்கொடுக்கலாம் அல்லவா?

அவர் ஆசிரியை ஆனார். இரண்டு சிறிய ஊர்களில் தலைக்கு ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, 1935-ல் தாம் படித்த கிளீவ்லாந்து உயர்நிலைப் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். 1954 வரை அங்கே பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தார். கல்லூரிகள் கைவிட்ட ஆட்டத்தைக் கிராமத்துப் பள்ளிகள் கைவிடவில்லை. அந்தப் பக்கத்தில் சிறுமிகள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். பள்ளியை விட்டுக் கல்லூரிக்குப் போனால்தான் வளையம் மறைந்துவிடும்!

அவருடைய பள்ளிக் கோஷ்டிகள் ஜெயித்த ஆட்டங்கள் 453. தோற்றவை 89. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தவை 6.

அந்தக் கோஷ்டிகளில் ஆடிய பெண்கள் எல்லோரும் வெள்ளைக்காரப் பெண்கள். வேறு விதமாக இருக்க முடியாது. அந்த மாநிலத்தில் அப்போது வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பு மக்களுக்கு ஒரு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்தது. கறுப்புக் குழந்தைகள் மார்கரெட் வேடின் பயிற்சிக் கூடத்துக்குள் கால் வைக்க முடியாது.

1959-ல் அவர் டெல்டா ஸ்டேட் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பெண்களின் தேகப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவி. உடுப்பை எரித்த அதே கல்லூரி! அங்கே வளையம் இருந்தது. பந்து இருந்தது. ஆண்களுக்குக் கோஷ்டி இருந்தது. பெண்களுக்கு மட்டும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் அவர் அந்தக் கூடத்தில் மாணவிகளுக்குத் தேகப் பயிற்சி கற்றுக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

ஒரு சட்டம் வந்தது

1972-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மத்திய சர்க்காரின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதில் விளையாட்டு என்ற வார்த்தையே கிடையாது. ஆனாலும் விளையாட்டுக் கூடத்தின் கதவுகளை அது அகலத் திறந்துவிட்டது.

1973-ல் டெல்டா ஸ்டேட் மீண்டும் பெண்கள் கோஷ்டியைத் தொடங்கியது. பயிற்சி ஆசிரியையாக யாரைப் போடுவது? கல்லூரித் தலைவர் மார்கரெட் வேடைக் கேட்டார்.

அப்போது அவருக்கு வயது 60. ஓய்வு பெற வேண்டிய வயது. கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்துப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. ஆட்டமும் மாறிவிட்டது. கோடு போட்டுத் தடுத்த பழைய விதி போய், கல்லூரிப் பெண்களும் ஆண்களைப் போலவே ஐந்து ஐந்து பேராக மைதானம் முழுவதும் ஓடி ஆடும் விதி 1971-ல் வந்திருந்தது.

அவர் சம்மதித்தார். கல்லூரியின் பச்சை வெள்ளை நிறங்களில் பெண்களுக்குப் புது உடுப்பு வந்தது.

ஆறடி மூன்று அங்குலம்

கோஷ்டிக்கு ஆள் சேர்க்க வேண்டுமே! மின்டர் சிட்டி என்ற ஊரில் லூசியா ஹாரிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். கறுப்பு இனத்தைச் சேர்ந்தவள். பெற்றோர் வாரத்துக்குப் பயிர் செய்து பிழைத்த ஏழைகள். அவளும் சின்ன வயதில் காட்டில் பருத்தி எடுத்தவள்தான். அவள் உயரம் 6 அடி 3 அங்குலம்!

வேறொரு கல்லூரிக்குப் போக இருந்தாள் லூசியா. அங்கே பெண்கள் கோஷ்டி இல்லை. டெல்டா ஸ்டேட்டில் இருந்து ஆள் வந்து அழைத்ததும் இங்கே வந்துவிட்டாள். கறுப்பு மாணவர்களை இந்தக் கல்லூரி சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1967-ல்தான். கோஷ்டியில் அவள் ஒருத்திதான் கறுப்புப் பெண்.

அவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்க ஒருத்தி வேண்டும் அல்லவா? அடுத்த வருடம் டெபி பிராக் என்ற பெண் வந்து சேர்ந்தாள். அவள் உயரம் 4 அடி 11 அங்குலம்! ஒருத்தி பனைமரம். மற்றவள் அவள் தோளுக்கும் எட்டாதவள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எதிர்த்து ஆடியவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வருடம் 18 ஆட்டம். 16 வெற்றி. இரண்டாம் வருடம் 28 ஆட்டம். இருபத்தெட்டும் வெற்றி!

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலும் பெண்கள் கோஷ்டிகள் புதிதாகத்தான் முளைத்திருந்தன. பணம் இல்லை, பழக்கம் இல்லை. லூசியாவைத் தடுக்கும் உயரம் உள்ளவர்கள் எங்கே கிடைப்பார்கள்? அப்படிப்பட்ட கோஷ்டிகளை அடுக்கடுக்காக ஜெயிப்பது பெரிய காரியம் அல்ல. உள்ளூர் வெற்றிகளை வைத்து மட்டும் மார்கரெட் வேடின் திறமையை அளந்துவிட முடியாது. பரீட்சை வேறு இடத்தில் காத்திருந்தது.

கன்னியாஸ்திரீகளின் வாளி

பென்சில்வேனியாவில் இம்மாகுலாட்டா என்று ஒரு கல்லூரி. அப்போது அது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்னஞ்சிறு பெண்கள் கல்லூரி. அதன் உடற்பயிற்சிக் கூடம் தீப்பிடித்து அழிந்து, ஆட இடமில்லாமல் தவித்த காலமும் உண்டு. ஆனால் கல்லூரிப் பெண்களுக்கான தேசியப் போட்டி 1972-ல் தொடங்கியதிலிருந்து 1972, 1973, 1974 என்று மூன்று வருடமும் அதுதான் சாம்பியன்! ஆட்டம் நடக்கும்போது கன்னியாஸ்திரீகள் வாளிகளைத் தட்டி ஓசை எழுப்பி உற்சாகம் ஊட்டுவார்கள். அந்த வாளிச் சத்தம் நாடு முழுவதும் பிரசித்தம்.

1975-ல், வர்ஜினியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் நகரில் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மூன்று முறை சாம்பியன். மறுபக்கம், 41 ஆண்டுகள் கோஷ்டியே இல்லாமல் இருந்து, இரண்டாம் வருடம் ஆட வந்திருக்கும் பருத்திக்காட்டுக் கல்லூரி. ஓரத்தில் 62 வயதுப் பயிற்சி ஆசிரியை.

டெல்டா ஸ்டேட் 90 பாயிண்டு. இம்மாகுலாட்டா 81 பாயிண்டு.

லூசியா மட்டும் 32 பாயிண்டு எடுத்தாள். ஒரு தோல்வி கூட இல்லாமல் டெல்டா ஸ்டேட் அமெரிக்காவின் சாம்பியன் ஆயிற்று!

அதோடு நிற்கவில்லை. வெற்றிச் சங்கிலி அடுத்த வருடமும் நீண்டது. தொடர்ந்து 51 ஆட்டங்கள்! பிறகுதான் ஒரு தோல்வி வந்தது. அந்த வருடத்தில் 34 ஆட்டங்களில் அந்த ஒன்றுதான் தோல்வி. 1976 இறுதி ஆட்டத்தில் மீண்டும் இம்மாகுலாட்டா. இந்த முறை கடும் போட்டி. 69-க்கு 64 என்று டெல்டா ஸ்டேட் ஜெயித்தது. 1977-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 68-க்கு 55 என்று வென்று மூன்றாவது முறையும் பட்டத்தைத் தட்டிக்கொண்டது.

பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் நிறைந்த நாட்டில், ஒரு சிற்றூர்க் கல்லூரி மூன்று வருடம் முதலிடத்தில் இருந்தது!

லூசியாவின் புகழும் பரவியது. 1975-ல் கல்லூரி விழாவின் ராணியாக மாணவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கல்லூரியில் கறுப்புப் பெண் ஒருத்திக்கு அந்த மகுடம் கிடைத்தது அதுவே முதல் தடவை. 1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம் பெற்றது. அங்கே விழுந்த முதல் பந்து லூசியா போட்டது! அமெரிக்கா அந்த வருடம் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 1977-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற தொழில்முறை ஆண்கள் கோஷ்டி அவள் பெயரைத் தன் தேர்வுப் பட்டியலில் சேர்த்தது. அவள் போகவில்லை. அப்போது அவள் தாயாகப் போகும் நிலையில் இருந்தாள்.

பெயர் தாங்கிய பரிசு

1979-ல் மார்கரெட் வேட் பயிற்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். ஆறு ஆண்டுகளில் கல்லூரிக் கோஷ்டிக்கு அவர் தேடித் தந்த வெற்றிகள் 157. தோல்விகள் 23.

அதற்கு முன்பே, 1978-ல், நாட்டில் மிகச் சிறந்த கல்லூரிப் பெண் ஆட்டக்காரிக்கு ஆண்டுதோறும் ஒரு பரிசு வழங்க ஏற்பாடு ஆகியது. அந்தப் பரிசுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். முதல் பரிசைப் பெற்றவர் நியூஜெர்சி மாநிலத்துக் கரோல் பிளேஸிஜவுஸ்கி.

ஸ்பிரிங்பீல்டில், நைஸ்மித் பெயரால் கூடைப்பந்து மேதைகளுக்கு ஒரு புகழ் மண்டபம் இருக்கிறது. அதில் இடம் பெறுவது பெரிய கௌரவம். 1985-ல்தான் முதன்முதலாகப் பெண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. அந்த வருடம் மூன்று பெண்கள். மைதானத்தில் கோடு போட்டாரே, அந்தச் செண்டா பெரன்சன் ஒருவர். அவர் காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒக்லஹோமாவில் பள்ளிப் பெண்களுக்குப் பல்லாண்டு பயிற்சி கொடுத்த பெர்த்தா டீக் ஒருவர். மூன்றாமவர் மார்கரெட் வேட்.

இதற்குள் காலம் மாறிவிட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டன. பெண்கள் ஆட்டத்திலும் பணத்தைக் கொட்டின. 1982-ல் ஆண்களின் பெரிய சங்கமே பெண்களுக்கும் தேசியப் போட்டியை நடத்தத் தொடங்கியது. பெண்கள் தாங்களாகவே நடத்தி வந்த பழைய சங்கம் அந்த வருடமே மூடப்பட்டது. சின்னக் கல்லூரிகள் முதல் வரிசையில் நின்று ஆட முடியவில்லை. இம்மாகுலாட்டாவின் வாளிச் சத்தம் பெரிய அரங்குகளில் ஓய்ந்தது. டெல்டா ஸ்டேட் இரண்டாம் பிரிவுக்குப் போயிற்று. இது வருந்தத் தக்கது என்பதில் சந்தேகம் இல்லை. கதவு திறந்தபோது முதலில் நுழைந்தவர்களே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஆனால் இரண்டாம் பிரிவிலும் டெல்டா ஸ்டேட் பெண்கள் சளைக்கவில்லை. 1989, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் அந்தப் பிரிவின் தேசியப் பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. அதே 1992-ல் லூசியா ஹாரிசும் ஸ்பிரிங்பீல்டு மண்டபத்தில் இடம் பெற்றார். ஆசிரியையின் பெயர் இருக்கும் மண்டபத்தில் மாணவியின் பெயரும் சேர்ந்தது. அதைக் காண மார்கரெட் வேட் உயிரோடு இருந்தார்.

1995-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி அவர் காலமானார். வயது 82. உயிர் பிரிந்தது அந்தக் கிளீவ்லாந்து ஊரில்தான். உடுப்புகள் எரிந்து 63 ஆண்டுகள் ஆகியிருந்தன.